மார்சல் வரலாறும் உயர்குடி மகளிரும்

ஐரோப்பிய இடைக்கால இலக்கியங்களைப் பயில்வார் 'சிவல்ரி' என்னும் சொல்லைப் பலகாலும் எதிர்ப்படுவர். அதனைத் தமிழில் எங்ஙனம் பெயர்ப்பது என்பது எளிதிற் கடக்கத்தக்க ஐயம் அன்று. 'பெண்மையைப் போற்றும் வீரம்' என விரித்துரைப்பாரும் உளர். 'மறப்பண்பு' எனச் சுருக்கியுரைப்பாரும் உளர். முன்னது பிற்காலத்துப் பொருளை முற்காலத்தின்மேல் ஏற்றுவது. பின்னது நம் புறப்பொருள் மரபின் மணத்தை அயல்நாட்டு வழக்கொன்றன்மேல் ஏற்றுவது. ஆதலின் சொல்லின் பிறப்பை முதற்கண் நோக்குதல் நன்று. பிரெஞ்சு மொழியில் 'செவால்' என்பது குதிரை. இலத்தீனத்து 'கபல்லுஸ்' என்பதன் திரிபு. 'செவாலியே' என்பான் குதிரைமேல் இருந்து பொரும் மறவன். அவனடியாகப் பிறந்த 'செவாலரி' என்னும் சொல் 12ஆம் நூற்றாண்டில் குதிரை மறவர் கூட்டத்தையும், அவர்தம் போர்த்தொழிலையும், அத்தொழிலில் அவர் காட்டிய திறத்தையும் குறித்தது. அச்சொல்லின் பிறப்பில் பெண்ணுக்கு இடமே இல்லை. இக்கட்டுரையில் இதனைக் 'குதிரை மறவர் நெறி' என்றே வழங்குவோம்.

சொல்லில் இல்லாத பெண், நெறியில் எப்பொழுது புகுந்தாள்? தென் பிரான்சு நாட்டுத் 'துருபதூர்' என்னும் பாடலாசிரியர் 12ஆம் நூற்றாண்டில் உயர்குடிப் பெண் ஒருத்தியைத் தலைவியாக வைத்து, தம்மை அவள் ஏவல் செய்வாராகப் பாடினர். அவர்கள் அவளை விளித்த சொல் நம் கருத்திற்குரியது. 'மிதோன்ஸ்' என்பது அது; 'என் ஆண்டவன்' என ஆண்பால் தலைவனைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்தது. நிலம் தந்த தலைவனுக்குக் குடிமறவன் செய்யும் வணக்கத்தை ஒரு பெண்ணுக்குச் செய்ய முற்பட்ட புலவன், அவளை ஆண்பாலாக்கியே அதனைச் செய்தான். பால் வழுவமைதி கற்ற நம் மாணவர்க்கு இஃது உவப்பினால் வந்த வழு எனத் தோன்றலாம். உண்மையில் இஃது அதிகாரம் பற்றி வந்த வழு.

இப்பாடல் மரபு வடக்கே பரவியது. ஷாம்பேன் நாட்டுத் தலைவி மாரி, கிரேத்தியேன் தெ துருவா என்னும் புலவனுக்கு லான்சலாட்டின் கதையைத் தந்து பாடுவித்தாள் என்பதை அப்புலவனே தன் நூன்முகத்தில் கூறுகின்றான். அக்கதையில் மறவன் தன் மன்னன் மனைவியைக் காதலிக்கின்றான். இவ்வகைக் காதலுக்கு 'அரசவைக் காதல்' என 1883இல் பெயர் சூட்டியவர் காஸ்தோன் பாரி என்னும் பிரெஞ்சு அறிஞர். இதனை நம் அகத்திணையோடு ஒப்பிடுவார் உண்டாயின் அவர் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். அகத்தின் களவு கற்பில் முடிவது. பிறன்மனை நயத்தலுக்கு அங்கே இடமில்லை. இரண்டிலும் தலைவி உண்டு, தோழமை உண்டு, அலர் உண்டு என்பதனால் இரண்டும் ஒன்றாகிவிடா.

பாட்டுலகத் தலைவி இவ்வாறாக, மண்ணுலகத் தலைவி எவ்வாறு இருந்தாள் என்பதே நாம் ஆராயப் புகுந்த பொருள். பாட்டை மட்டும் கொண்டு பார்ப்பின் அவள் தெய்வம். சட்ட ஏடுகளை மட்டும் கொண்டு பார்ப்பின் அவள் பண்டம். இரண்டினும் வேறாய், அவ்விருவகை உலகிலும் வாழ்ந்த ஒருவனைப் பற்றி எழுந்த நூல் ஒன்று உண்டு. வில்லியம் மார்சல் என்னும் ஆங்கிலப் பெருமறவனின் வாழ்க்கையைப் பிரெஞ்சு மொழியில் 19,214 அடிகளிற் பாடும் 'மார்சல் வரலாறு' என்பதே அது. 1219இல் அவன் இறந்தபின், அவன் மூத்த மகனின் வேண்டுகோளால், அவனுடன் வாழ்ந்தார் சொல்லக் கேட்டு, அடுத்த பத்தாண்டிற்குள் பாடப்பெற்றது. பாடியவன் பெயர் ஜான் என்பதன்றி அவனைப் பற்றி வேறு செய்தி இல்லை. இந்நூல் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. பால் மெயேர் என்னும் அறிஞர் 1861இல் இலண்டன் ஏலக்கூடம் ஒன்றில் இதன் ஒரே சுவடியைக் கண்டார். அது வேறொருவர் கைக்குப் போயிற்று. இருபது ஆண்டுகள் தேடி, 1881இல் தாமஸ் பிலிப்சு என்பாரின் சுவடித் தொகுதியில் அதனை மீண்டும் கண்டெடுத்தார். இன்று அது நியூயார்க்கு மார்கன் நூலகத்தில் உள்ளது. சுவடி தேடி ஊர் ஊராய் அலைந்தார் வரலாற்றை அறிந்த நமக்கு மெயேரின் இருபது ஆண்டு வியப்பளிக்காது. ஆயினும் வணக்கம் பெறும்.

நூல் காட்டும் மகளிருள் இருவரை ஒரே நிகழ்ச்சியிற் காண்கின்றோம். 1168இல் அக்குவித்தேன் நாட்டின் உரிமையரசியும் இரண்டாம் ஹென்றியின் மனைவியுமாகிய எலியனோரைக் காத்துச் சென்ற படையை லூசிஞான் குடியினர் மறித்துத் தாக்கினர். படைத்தலைவனும் மார்சலின் தாய்மாமனுமாகிய பாட்ரிக் கவசம் அணியுமுன்னரே பின்னிருந்து குத்தப்பட்டு மாண்டான். இளைஞனாகிய மார்சல் தொடையிற் புண்பட்டுச் சிறைப்பட்டான். பகைவர் அவனுக்கு மருந்திடவில்லை. தன் கால் கட்டுத் துணியையே கிழித்துப் புண்ணைக் கட்டிக்கொண்டான். அவர்கள் தங்கிய கோட்டை ஒன்றில் பெயர் சொல்லப்படாத ஒரு பெண் அவன் நிலை கண்டு இரங்கி, ரொட்டி ஒன்றின் உள்ளீட்டை எடுத்துவிட்டு, அதனுள் தூய துணிக்கட்டுகளை வைத்து அவனுக்கு அனுப்பினாள். பின்னர் எலியனோர் பிணைப்பொருள் கொடுத்து அவனை மீட்டாள். குதிரையும் படைக்கலமும் ஆடையும் பணமும் தந்து தன்பால் சேர்த்துக்கொண்டாள்.

இதனைக் காவியப் புலவன் பாடியிருப்பின் இரு பெண்டிருள் ஒருத்தியேனும் அவன்மேற் காதல் கொண்டிருப்பாள். 'மார்சல் வரலாறு' அவ்வாறு பாடவில்லை. அரசி கொடுத்தது புரவலர் கொடை. நிலமும் பொருளும் உடைய ஒருவர் தம் பொருட்டு இடர்ப்பட்டானுக்குச் செய்யும் கடன். மற்றவள் செய்தது அருள். அவள் பெயரைப் புலவன் அறியான். ஆயினும் அரைநூற்றாண்டு கழிந்த பின்னும் அந்த ரொட்டியை மார்சலின் வீட்டார் மறக்கவில்லை என்பது தெளிவு. நூல் முழுதும் தேடினாலும் இதனினும் நெஞ்சைத் தொடும் இடம் அரிது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1183 அளவில் வழியில் துயின்றிருந்த மார்சல், 'நான் மிகவும் களைத்தேன்' என ஒரு பெண் வருந்தும் குரல் கேட்டு எழுந்தான். உயர்குடிப் பெண்ணொருத்தி துறவி ஒருவனுடன் உடன்போக்கில் வந்துகொண்டிருந்தாள். மார்சல் அவளை அவள் தமையனிடம் சேர்ப்பிப்பதாகச் சொன்னான், அவள் உடன்படவில்லை. எங்ஙனம் வாழப் போகின்றீர் என்று கேட்டபோது, தன்னிடமுள்ள 48 பவுனை வட்டிக்கு விட்டு வாழ்வதாகத் துறவி கூறினான். வட்டி என்ற சொல் கேட்டதும் மார்சல் சினந்து அப்பணத்தைப் பறிப்பித்து, இருவரையும் போகவிட்டான். அன்று மாலை நண்பர்களுக்கு நடந்த விருந்து அப்பணத்தால் ஆயது. புலவன் இதனைப் பெருமையாகவே பாடுகின்றான். வட்டி வாங்குவான் பொருளைப் பறித்தல் அறம் என அன்றைய கேட்போர் கொண்டனர் போலும். கையிற் காசின்றி வழியில் விடப்பட்ட அப்பெண் என்ன ஆனாள் என்று புலவனும் கேட்கவில்லை. அவன் தலைவனும் கேட்கவில்லை.

காதல் என்னும் பொருள் நூலில் ஒருமுறை மட்டும் தலைகாட்டுகின்றது, அதுவும் பழியாக. மார்சலின் தலைவனாகிய இளவரசன் ஹென்றியின் மனைவி மார்கரெட்டோடு அவனுக்குத் தொடர்பு உண்டு எனப் பொறாமை கொண்டார் 1182இல் பரப்பினர் என்கிறது நூல். டேவிட் குரவுச்சு முதலிய அறிஞர் இக்குற்றச்சாட்டே பின்னர்ப் புனையப்பட்டதாகலாம் என ஐயுறுவர். நமக்கு வேண்டுவது அதன் உண்மையன்று. லான்சலாட்டுக்குப் புகழாக அமைந்த அதே செயல், உயிருள்ள மறவனுக்கு நாட்டைவிட்டு அகலவேண்டிய பழியாக அமைந்தது என்பதே வேண்டுவது. பாட்டை அவையிற் கேட்டு மகிழ்ந்தவர்களே வாழ்க்கையில் அதனைத் தலைவனுக்குச் செய்த இரண்டகமாகக் கருதினர்.

இனி, உயர்குடிப் பெண்ணின் வாழ்வைப் பெரிதும் அறுதியிட்ட நிலமானிய முறைக்கு வருவோம். அரசனிடம் நேரே நிலம் பெற்றவன் ஆண்மகவின்றி இறப்பின் நிலம் மகளுக்கு உரியது. அவள் மணமாகாதவளாயின் அவளைக் காக்கும் உரிமையும், மணம் முடித்துக் கொடுக்கும் உரிமையும் அரசனைச் சாரும். அவ்வுரிமையை அவன் விற்கலாம், பரிசாக வழங்கலாம். கணவனை இழந்தவள் நிலையும் ஏறக்குறைய இதுவே. 1185இல் இரண்டாம் ஹென்றியின் அலுவலர் 12 மாவட்டங்களிற் சென்று, அரசன் வழங்கத்தக்க கைம்பெண்கள், காப்பிலுள்ள சிறுவர் சிறுமியர் ஆகியோரின் பட்டியலை எழுதினர். அவ்வேட்டில் பெண்ணின் பெயரும் அகவையும் மக்கள் தொகையும், அவள் நிலத்தின் மதிப்பும், அந்நிலத்தில் உள்ள ஆடு மாடுகளும் அடுத்தடுத்து எழுதப்பட்டுள்ளன. அதனைப் படிப்பார்க்குப் பெண்ணைப் பற்றிய குறிப்பு எங்கே முடிகிறது, கால்நடையைப் பற்றிய குறிப்பு எங்கே தொடங்குகிறது என்று சில இடங்களில் மயக்கம் தோன்றும்.

மகளிர் இதற்கு வாளா உடன்பட்டனர் எனக் கருதற்க. செசுட்டர் தலைவனின் கைம்பெண்ணாகிய லூசி, ஐந்து ஆண்டுகளுக்குத் தன்னை யாருக்கும் மணம் முடிக்காதிருக்க 500 மார்க்கு செலுத்த ஒப்புக்கொண்டதை 1130ஆம் ஆண்டுக் கருவூல ஏடு காட்டுகின்றது. மார்க்கு என்பது பவுனில் மூன்றில் இரு பங்கு. தனித்திருக்கும் உரிமைக்கு அவள் விலை கொடுத்தாள். மறுதலையாக, 1214இல் ஜெப்ரி தெ மாண்டவில் என்பான் குளொஸ்டர் நாட்டு உரிமையாட்டியாகிய இசபெல்லாவை மணக்க ஜான் மன்னனுக்கு 20,000 மார்க்கு தருவதாக உடன்பட்டான். அவள் அம்மன்னனே மணந்து விலக்கியவள். இத்தொகை எந்தக் காவியத் தலைவியின் அழகுக்கும் கூறப்பட்ட மதிப்பன்று. அவள் நிலத்தின் மதிப்பு.

மார்சல் இம்முறையால் வாழ்வு பெற்றவன். அவன் சிறுகுடியின் இளைய மகன், நிலம் அற்றவன். போர்விளையாட்டுக் களங்களில் 500 மறவரைப் பிடித்துக் குதிரையும் கவசமும் பெற்றதாக இறக்கும் தறுவாயில் அவன் கூறியதை நூல் சொல்லுகின்றது. ஆயினும் வெற்றி வேறு, நிலம் வேறு. நிலம் வந்தது மணத்தால். அயர்லாந்தில் லென்சுட்டர் நாட்டையும் வேல்சு எல்லையில் செப்ஸ்டோ கோட்டையையும் உரிமையாக உடைய இசபெல் தெ கிளேர் என்னும் இளம்பெண் இலண்டன் கோபுரக் கோட்டையில் அரசனது நடுவர் தலைவனின் காவலில் இருந்தாள். 1189இல் இரண்டாம் ஹென்றி தன் இறுதி நாட்களில் அவளை மார்சலுக்கு வாக்களித்தான். அவன் இறந்தபின் ரிச்சர்டு அவ்வாக்கை நிறைவேற்றினான். மணமகனுக்கு அகவை நாற்பதுக்கு மேல்; மணமகள் இருபதை எட்டாதவள். அவள் கருத்தை நூல் கூறவில்லை. மூன்று நூறு அடிகளைப் போர்விளையாட்டு ஒன்றற்குச் செலவிடத் தயங்காத புலவன், இங்கே விரைந்து நடக்கின்றான்.

ஆனால் இசபெல் நூலிலிருந்து மறையவில்லை. 1207இல் ஜான் மன்னன் மார்சலை அயர்லாந்திலிருந்து இங்கிலாந்துக்கு அழைத்தான். அழைத்தது அவனைப் பிரித்து வைத்து அவன் நாட்டைத் தாக்குவித்தற்கு. புறப்படுமுன் மார்சல் கில்கென்னியில் தன் மறவரைக் கூட்டி, கருவுற்றிருந்த இசபெல்லைக் கைப்பற்றி அவர்கள் முன் நிறுத்தினான். இவள் உங்கள் தலைவன் மகள்; பிறப்பால் உங்கள் தலைவி; எனக்கு இந்நாட்டில் உள்ளதெல்லாம் இவள் வழியே வந்தது; இவளை உங்கள் காவலில் விட்டுச் செல்கின்றேன் என்னும் கருத்துப்பட அவன் பேசினான் என்கிறது நூல். அக்குளிர்காலத்தில் அரசனின் ஆளுநன் மைலர் தாக்கினான். இசபெல்லின் மறவர் அவனை வென்று, அவன் மகனைப் பிணையாகப் பெற்றனர். இதற்கிடையே இங்கிலாந்தில் மன்னன், உன் மறவர் மாண்டனர் என மார்சலிடம் பொய்யுரைத்தான். மெய்ச்செய்தி பின்னரே கடல் கடந்து வந்தது.

1984இல் பிரெஞ்சு வரலாற்றறிஞர் ஜோர்ஜு துபி இந்நூலை வைத்து மார்சலைப் பற்றிப் புகழ்பெற்ற நூலொன்று எழுதினார். இஃது ஆடவர் உலகம். மகளிர் இதில் பெயரளவினரே. மறவர் நெறியில் பெண் ஆடவர்க்கிடையே நிகழும் ஆட்டத்தின் பந்தயப்பொருள் என்பது அவர் துணிபு. இத்துணிபின் பெரும்பகுதியை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்; இசபெல்லின் மணம் அதற்குச் சான்று. ஆயின் கில்கென்னிப் பேச்சை அது விளக்காது. பந்தயப்பொருளை மறவர் முன் நிறுத்தி எவனும் 'இவள் உங்கள் தலைவி' என்னான். நிலமானிய முறை பெண்ணைப் பண்டமாக்கிய அதே வழியால், அதாவது நிலத்தின் வழியால், அவளைத் தலைவியாகவும் ஆக்கியது. கணவன் ஊரில் உள்ளவரை அவ்வுரிமை அவனுக்குள் மறைந்து கிடக்கும். அவன் கடல் கடந்தால் வெளிப்படும். துபி மறைந்திருந்த காலத்தை மட்டும் எண்ணினார் என்று கருதுகின்றோம்.

லிங்கன் கோட்டைத் தலைவி நிக்கோலா தெ லா ஹேயின் வாழ்வு இதனினும் கூர்மையான சான்று. கோட்டைக் காவல் அவளுக்குத் தந்தை வழி வந்தது. 1191இல் கணவன் இல்லாத நேரத்தில் ஆட்சித்தலைவன் லாங்சாம்பின் முற்றுகையைத் தாங்கினாள். அதனைக் குறித்த டெவைசஸ் ரிச்சர்டு என்னும் வரலாற்றாசிரியன், அவள் பெண்மைக்குரியது ஒன்றையும் எண்ணாது ஆண்மையோடு காத்தாள் எனப் பாராட்டினான். பாடலாசிரியன் பெண்ணைப் போற்ற அவளை 'என் ஆண்டவன்' என்றான். வரலாற்றாசிரியன் பெண்ணைப் போற்ற அவளை ஆண் என்றான். பெண்ணின் அதிகாரத்தைப் பெண்பாலிலேயே சொல்ல அக்கால மொழிக்கு வாய் எழவில்லை.

முதுமையில், கணவனை இழந்தபின், தன்னால் இயலவில்லை எனக் கோட்டைத் திறவுகோல்களை அவள் ஜான் மன்னனிடம் நீட்டியதாகவும், அவன் வாங்க மறுத்ததாகவும் பிற்கால விசாரணை ஏடொன்று கூறும். 1216 அக்டோபரில், தான் இறப்பதற்குச் சற்றுமுன், மன்னன் அவளை லிங்கன் மாவட்டத்தின் ஷெரீப்பாக இன்னொருவனோடு சேர்த்து அமர்த்தினான். அடுத்த ஆண்டில் பிரெஞ்சு இளவரசன் லூயியின் படையும் கிளர்ச்சியாளரும் நகரைக் கைப்பற்றிக் கோட்டையை முற்றுகையிட்டபோது அவள் அசையவில்லை. சிறுவன் மூன்றாம் ஹென்றியின் பொருட்டு ஆட்சி நடத்திய மார்சல், எழுபது அகவையில் தலைக்கவசம் அணிந்து 1217 மே 20இல் லிங்கனுக்கு வந்து வென்றான். முன்னே கோட்டைக்குள் நுழைந்த ஆயர், அங்கே அதனைத் தன்னால் இயன்றவரை காத்துநின்ற நல்லாளைக் கண்டார் என 'மார்சல் வரலாறு' பாடுகின்றது. அது பாடாத செய்தி ஒன்று உண்டு. போர் முடிந்த நான்காம் நாள், அவள் ஷெரீப் பதவி மன்னனின் சிற்றப்பனாகிய சாலிசுபரித் தலைவனுக்குக் கொடுக்கப்பட்டது. கோட்டையையும் அவன் பற்றிக்கொண்டான். கொடுத்த ஆட்சிக்குத் தலைவன் மார்சல். நிக்கோலா அரசவைக்குச் சென்று வழக்காடி, அவ்வாண்டு அக்டோபரில் கோட்டையை மீட்டாள், மாவட்டம் மீளவில்லை.

குதிரை மறவர் நெறி மகளிர்க்குக் கொடுத்தது யாது என்னும் வினாவிற்கு விடையை நெறியிலன்றிச் சாசனத்தில் தேடுதல் தகும். 1215ஆம் ஆண்டுப் பெருஞ்சாசனத்தின் 7ஆம் 8ஆம் பிரிவுகள், கைம்பெண் தன் சீர் நிலத்தையும் உரிமையையும் விலையின்றி உடனே பெறவும், கணவன் இறந்தபின் 40 நாள் அவன் வீட்டில் இருக்கவும், விருப்பமின்றி மறுமணத்திற்கு வற்புறுத்தப்படாதிருக்கவும் வகை செய்தன. லூசி 500 மார்க்கு கொடுத்து வாங்கியது இப்பொழுது சட்டமாயிற்று. ஆயினும் அரசன் அல்லது தலைவன் இசைவின்றி மணந்துகொள்ளேன் என அவள் உறுதி தரவேண்டும். அதே சாசனத்தின் 54ஆம் பிரிவு, தன் கணவன் கொலையன்றி வேறு எவர் கொலைக்கும் பெண்ணொருத்தி தொடுத்த குற்றச்சாட்டின்மேல் எவரையும் சிறைப்படுத்தலாகாது என்கிறது. ஒரு கையால் கொடுத்ததும் மறு கையால் மறுத்ததும் ஒரே தோலேட்டில் உள்ளன. 1216இலும் 1217இலும் சாசனம் மீண்டும் வெளியிடப்பட்டபோது அதில் முத்திரை இட்டவருள் மார்சல் ஒருவன். கணவன் நிலத்தில் மூன்றிலொரு பங்கு கைம்பெண்ணுக்கு என்னும் வரையறை 1217 வெளியீட்டிற்றான் சேர்ந்தது.

அவ்விதியைப் பயன்படுத்தும் நாள் அவன் மனைவிக்கே வந்தது. 1219 மே மாதம் காவர்ஷாமில் மார்சல் இறந்தான். இறக்குமுன் தெம்பிளர் துறவு மறவர் குழுவிற் சேரும் உறுதியால், பெண்ணைத் தழுவுதல் இனி இயலாதாகலின், இசபெல்லை அழைத்து இறுதியாக முத்தமிடுமாறு வேண்டினான், இருவரும் அழுதனர். அவன் உடல் இலண்டன் தெம்பிள் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது. இசபெல் துயரில் ஒடுங்கவில்லை. தன் உரிமை நிலங்களை வேண்டி இங்கிலாந்து ஆட்சியாளர்க்கு எழுதினாள். நார்மண்டி நிலங்களைப் பிரெஞ்சு மன்னனிடமிருந்து பெற்றாள். அடுத்த ஆண்டு இறந்து டின்டர்ன் மடத்தில் அடக்கமானாள்.

அவர்களுக்கு ஆண்மக்கள் ஐவர், பெண்மக்கள் ஐவர். ஐந்து புதல்வரும் ஒருவர்பின் ஒருவராய்ப் பட்டமெய்தி, மகப்பேறின்றி 1245க்குள் மறைந்தனர். தந்தையை உயர்த்திய போர்விளையாட்டிலேயே மூன்றாம் மகன் கில்பர்ட் 1241இல் உயிரிழந்தான். லென்சுட்டர் நாடு ஐந்து கூறாகிப் பெண்மக்கள் வழியினரைச் சேர்ந்தது: கார்லோ மட்டில்டாவுக்கு, கில்கென்னி இளைய இசபெல்லின் வழிக்கு, கில்டேர் சிபிலின் வழிக்கு, லீசு ஈவாவின் வழிக்கு, வெக்சுபோர்டு ஜோனின் வழிக்கு. 'மார்சல்' என்பதும் குதிரை என்னும் பொருள்படும் பழைய செருமானியச் சொல்லடியாகப் பிறந்ததே. குதிரைப் பணியாளன் என்பது அதன் முதற்பொருள். அப்பதவிக்குரிய கோலை 1246இல் மூத்த மகள் மட்டில்டா மன்னனிடம் பெற்றுத் தன் மகன் ரோஜர் பைகாட்டின் கையிற் கொடுத்தாள்.